கறுப்புக் கயிறு கட்டிய பன்றிக்குட்டி

அத்தியாயம் மூன்று

“நீ உள்ள வராட்டியும் பரவாயில்ல, இப்தி. வேலிக்கு வெளியில நின்னு கண்ண நல்லா தொறந்து வச்சிரு” என்றாள் சுமித்ரா.

“கண்ணு தொறந்துதான் இருக்கு மிஸ். மூடியிருக்கிறது மூக்கு மட்டுந்தான்.”

என்னை முறைத்துவிட்டு, றப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தம் போட, பன்றிக்கூட்டுக்குள் இறங்கினாள்.

கேகாலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் நிலையத்தில் மொத்தம் இரண்டு பேர். துப்பறிவது சுமித்ரா. மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, பிளேன் டீ வாங்கி வருவது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் இப்திகாராகிய நான். எங்களுக்கு வருவது பெரும்பாலும் மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கும் வேலைதான். இன்று வந்ததும் கல்யாண விவகாரமே. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நின்றவை ஒரு தாய்ப்பன்றியும் ஆறு குட்டிகளும்.

காலையில் விஜயகலா என்ற பெண் அழுதுகொண்டே மாடியேறி வந்தாள். வரக்காப்பொலையைத் தாண்டிக் கல்ஹேன என்றொரு றப்பர் தோட்டம். அங்கே புள்ளமடுவத்தில், அதாவது தாய்மார் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், அவள்தான் ஆயா. அதே தோட்டத்தில் பன்றி வளர்க்கும் சதீஸுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போன வாரம் ஒரு குழந்தைக்கு வாந்தியும் பேதியும் பிய்த்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிப் படுக்க வைத்திருக்கிறார்கள். சதீஸின் பன்றிக்குட்டிகளுக்கும் பேதி. இரண்டிலும் இருந்தது ரோட்டா வைரஸ், அதுவும் ஒரே வகை. இது போதாதா நம் சனத்துக்கு? பன்றிதான் பிள்ளைக்கு நோய் கொடுத்தது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

விஜயகலாவின் அப்பா செல்லையா அந்தத் தோட்டத்துக் கங்காணி. கோயில் கமிட்டித் தலைவரும் அவரே. “நோய் வளக்கிறவனுக்கு எம்பொண்ணு கிடையாது” என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அதோடு விட்டாரா? பன்றிகளை ஏற்றிப்போய் விற்றுவிட, பகல் இரண்டு மணிக்கு லொறிக்கும் சொல்லிவிட்டார். லொறி போனால் சதீஸின் பிழைப்பும் போகும், விஜயகலாவின் கல்யாணமும் போகும்.

இந்தப் புரளி கிளம்பிய இடம் என் சொந்தக் குடும்பம் என்பது இன்னொரு கொடுமை. நுஸ்ஹா என் மாமி மகள். கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் பன்றிகளுக்கு வரும் வைரஸ்களைப் பற்றி ஆராய்கிறாள். சொந்தக்காரர் யாராவது கேட்டால் மாமி, “மகள் வைரஸ் படிக்கிறா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். எந்தப் பிராணியின் வைரஸ் என்று இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. அந்த நுஸ்ஹாதான் குட்டிகளின் மாதிரியையும் ஆஸ்பத்திரிக் குழந்தையின் மாதிரியையும் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே வகை” என்று சதீஸுக்குப் போனில் சொன்னாள். அந்தப் புத்திசாலி அதைப் பீலிக்கரையில் வைத்துச் சொல்லியிருக்கிறான். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தோடு சேர்த்து அதையும் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

“எப்ப நோய் கண்டுச்சு?” உள்ளே சுமித்ராவின் குரல்.

“கோயில் திருவிழா முடிஞ்சு அடுத்த வாரம் மிஸ்” என்றான் சதீஸ். ஒல்லியான பையன், தூங்காத கண். “ரெண்டு குட்டி செத்துப் போச்சு. மத்தது இப்பதான் எழும்பி நிக்குது.”

நான் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். “மிஸ், தாய்க்கு வலது பக்கம் ஒரு நீல வாளி. அதுல வாத்துப் படம் வரைஞ்சிருக்கு. இதுங்க படம் பாத்துக்கிட்டா சாப்பிடுது?”

சதீஸ் சட்டென்று வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினான். “அது... பழைய வாளி.”

சுமித்ரா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. குனிந்து ஒரு குட்டியைத் தூக்கினாள். அதன் கழுத்தில் கறுப்பு நூல் ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

“இது யார் வேலை?”

“எவ கட்டுவா? நான்தான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சதீஸின் அம்மா வெள்ளையம்மா. இடுப்பில் கை வைத்து நின்ற தோரணையிலேயே நான் இரண்டடி பின்வாங்கினேன். “புள்ளைக்கு மாந்தம் கண்டா பூசாரிகிட்ட கயிறு வாங்கிக் கட்டுறதில்லையா? இதுகளும் வாயில்லாப் புள்ளைகதானே.”

“பூசாரி பன்னிக்கா மந்திரிச்சுக் குடுத்தாரு?”

“பன்னிக்குனு சொன்னா தருவாரா? புள்ளைக்குனு கேட்டேன். பேரு என்னன்னாரு, கறுப்பாயின்னேன். நட்சத்திரம் கேட்டாரு, வாயில வந்தத மூலம்னு சொல்லிப்புட்டேன். ஐயையோ, பொம்பளப்புள்ள மூலமா, மாமனாருக்கு ஆகாதேன்னாரு. அதெல்லாம் கவலப்படாதீங்க சாமி, அவ மாமனாரு போன தீவாளிக்கே கறிக்குப் போயிட்டாருனு சொல்ல வந்து, நாக்கக் கடிச்சுக்கிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுமித்ரா சிரிக்கவில்லை. அந்தக் கறுப்பு நூலை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்த்தால் யாருக்கோ வினை என்று அர்த்தம்.

புள்ளமடுவத்துக்குப் போனபோது குழந்தைகளுக்குக் குளிப்பாட்டும் நேரம். அம்மணமாக ஒரு பட்டாளமே சோப்பு நுரையோடு ஓடித் திரிந்தது. விஜயகலா ஒன்றைப் பிடித்தால் இரண்டு நழுவின. குழாயடியில் நீல வாளிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் முயல், ஒன்றில் யானை, ஒன்றில் கிளி. வாத்து மட்டும் இல்லை. நான் சுமித்ராவைப் பார்த்தேன். அவளோ குழந்தைகளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறக்குறைய எல்லா இடுப்பிலும் நூல். எல்லாம் மஞ்சள் நூல்.

“இது மாந்தத்துக்குக் கட்டினதா, விஜி?”

“ஆமாக்கா.”

“அப்ப இந்தப் புள்ளைகளுக்கெல்லாம் பேதி இருந்துச்சா?”

விஜயகலா துவாயை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். “பல்லு பேதிக்கா. பல்லு மொளைக்கறப்ப வருமே, அது. அம்மாமாரு அப்படித்தான் சொல்லி விட்டுட்டுப் போனாங்க.”

“ஒரே நேரத்துல இத்தன பேருக்குமா பல்லு மொளைச்சிச்சு?” என்றேன். “மூணு வயசுக்காரனுக்குமா? இந்தத் தோட்டத்துக்கு ஒரு பல் டொக்டரப் போடச் சொல்லணும் மிஸ்.”

“ஆஸ்பத்திரியில இருக்கிற புள்ளைக்கு என்ன நிறத்துல கயிறு?” என்றாள் சுமித்ரா.

“கறுப்பு. போன வாரம் கட்டினது. அவன் புதுசா வந்து சேர்ந்த புள்ள.”

அடுத்து கோயில். பூசாரி பிரசாதத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி, முந்தி மஞ்சக் கயிறு குடுத்தீங்க. இப்ப கறுப்பு குடுக்கிறீங்க. ஏன் மாத்திட்டீங்க?”

“அதுவாம்மா? திருவிழாவுக்குக் காவடி, பால்குடம்னு வந்த சனத்துக்கெல்லாம் காப்புக் கட்டினதுல மஞ்ச நூல் ஒரு முழம்கூட மிஞ்சல. வரக்காப்பொல கடையில கறுப்புதான் கெடைச்சிச்சு. மந்திரம் ஒண்ணுதாம்மா, நிறம்தான் வேற.” பிறகு கவலையோடு கேட்டார். “அந்த வெள்ளையம்மா வீட்டுப் புள்ள, கறுப்பாயி, இப்ப எப்படி இருக்கா?”

“தேறிட்டா சாமி” என்றேன். “நாலு காலுல நிக்கிறா.”

“தவழ ஆரம்பிச்சிட்டாளா? நல்லது, நல்லது.”

சுமித்ரா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“புரியுதா இப்தி? மஞ்சள் எல்லாம் திருவிழாவுக்கு முன்னாடி கட்டினது. கறுப்பு எல்லாம் பின்னாடி. புள்ளைக இடுப்புல மஞ்சள். பன்னி கழுத்துல கறுப்பு.”

“புள்ளைக கட்டியிருந்தது திருவிழாக் காப்பா இருந்தா?”

“காப்பு மணிக்கட்டுல கட்டுவாங்க, திருவிழா முடிஞ்சதும் அவுத்துடுவாங்க. இது இடுப்புல இருக்கு. அதோட, மூக்கு ஒழுகுற வயசுல எவன்டா காவடி எடுத்தான்?”

“அல்லாஹ்வே! அப்ப பன்னிக்கு முந்தியே புள்ளைகளுக்கு வந்திருக்கு!”

“பன்னிகிட்ட இருந்து புள்ளைக்கு வரல. புள்ளைககிட்ட இருந்துதான் பன்னிக்குப் போயிருக்கு. எப்படிப் போச்சுங்கறதுதான் பாக்கி. நீயே கண்டுபிடிச்சிட்டே. சொல்லு.”

“வாத்து” என்றேன். என் வாழ்நாளில் ஒரு வார்த்தையை இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

புள்ளமடுவத்து வாசலிலேயே விஜயகலாவை மடக்கினோம். வாத்து வாளியைப் பற்றிச் சுமித்ரா கேட்ட மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“நான்தான்க்கா தினமும் கொண்டு போய்க் குடுப்பேன். மிச்சக் கஞ்சி, அரிசி கழுவின தண்ணி... புள்ளைக கை வாய் கழுவுற தண்ணி, துணி அலசுற தண்ணி, எல்லாம் அந்த ஒரே வாளியிலதான் பிடிப்பேன். சாக்கடைக் கான்ல ஊத்தினா ஈ மொய்க்குமேன்னு. கல்யாணம் ஆகும் வரைக்கும் பேசிக்கக் கூடாதுனு அப்பா கண்டிசன். வாளி குடுக்கற சாக்குலதான் ரெண்டு வார்த்தை பேசுவோம்.”

“எத்தனையோ காதல் கதை கேட்டிருக்கேன்” என்றேன். “கழனித் தண்ணியில வளந்தது இதுதான் முதல் தடவை.”

சுமித்ரா என் காலை மிதித்தாள். “விஜி, நீ எங்க கட்சிக்காரி. உன் பேரை நான் எங்கயும் சொல்ல மாட்டேன். சொல்றதும் விடுறதும் உன் இஷ்டம்.”

“சொன்னா வேலை போயிரும். சொல்லாட்டி சதீஸ் போயிருவான்” என்றாள் அவள். அழுகை வந்தது. அதற்குள் கீழே லொறியின் ஹோர்ன் கேட்டது.

பன்றிக்கூட்டுக்கு முன்னால் தோட்டமே கூடியிருந்தது. செல்லையா கங்காணி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் பேத்தி. சதீஸ் பலகைக் கதவை மறித்துக்கொண்டு நின்றான். லொறிக்காரன் பின்கதவை இறக்கிவிட்டு, நேரமாகிறது என்று சிங்களத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, ஒரு நிமிசம்” என்று போன சுமித்ரா, பேத்தியின் கன்னத்தைக் கிள்ளி, சட்டையை லேசாக உயர்த்தினாள். உள்ளே பளிச்சென்று மஞ்சள் நூல். “புள்ளைக்கு எப்ப மாந்தம் வந்துச்சு?”

“மாந்தமெல்லாம் இல்ல. பல்லு பேதி. திருவிழாவுக்கு முன்னாடியே சரியாயிருச்சு.”

“உங்க வீட்டுல மட்டுமில்ல, லயத்து வீடு பூராவும் பல்லு பேதிதான். எல்லாம் திருவிழாவுக்கு முன்னாடி. பன்னிக்கு வந்தது அதுக்கு அப்புறம்.” கயிற்றின் கதையை அவள் எடுத்துச் சொல்லச் சொல்ல, தாய்மார் தங்கள் பிள்ளைகளின் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பன்றிக்கும் கயிறு கட்டியதைச் சொன்னபோது கூட்டத்தின் ஓரத்தில் பூசாரி, “கறுப்பாயியா!” என்று அலறியது எனக்கு மட்டும் கேட்டது.

“கயித்த வச்சுக் கதை விடாத. டொக்டரே ஒரே நோய்னு சொல்லிட்டாங்க” என்றார் செல்லையா.

அந்த டொக்டர் நுஸ்ஹாவே அப்போது போனில் வந்தாள். காலையிலேயே சுமித்ரா அவளிடம் வேறொரு கேள்வி கேட்டிருந்தாள். நான் சத்தத்தைக் கூட்டிப் போனை உயர்த்திப் பிடித்தேன்.

“இந்த வைரஸுக்குள்ள பதினொரு துண்டு ஈக்குது” என்றாள் நுஸ்ஹா. “சீட்டுன்னு வச்சிக்கோங்க. மனுசனுக்கு வாற வைரஸுக்கு ஒரு கட்டு, பன்டிக்கு வாறதுக்கு வேற கட்டு. ரெண்டும் ஒரே வயித்துக்குள்ள சந்திச்சா சீட்டு மாறிக் கலந்துரும். மேலோட்டமாப் பாத்துட்டு ஒரே வகைன்னு சொன்னேன். இப்ப எல்லாச் சீட்டையும் விரிச்சுப் பாத்தாச்சு. ஆஸ்பத்திரிப் புள்ளைக்கிட்ட ஈக்கிறது முழுக்க மனுசக் கட்டு. குட்டிகள்கிட்ட பத்து மனுசச் சீட்டு, ஒண்டு மட்டும் பன்டிச் சீட்டு. புள்ளைக்குக் குட்டியில ஈந்து வந்திருந்தா அந்த ஒண்டும் சேந்து வந்திருக்கணும். வரல்ல.”

புள்ளமடுவத்துக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாடும் ஆண்களுக்கு இது உடனே விளங்கிவிட்டது. “கங்காணி, ஆட்டம் முடிஞ்சிச்சு” என்று ஒருவன் சொல்லவும் செய்தான்.

“ஆனா கலந்த சீட்டு திரும்பப் புள்ளைகள்கிட்ட வந்தா எப்படி ஆடும்னு எனக்கும் தெரியாது” என்றாள் நுஸ்ஹா. “சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்க. குட்டிகள எங்கயும் ஏத்தாதீங்க. போற இடமெல்லாம் பரப்பிட்டுப் போகும்.”

லொறிக்காரன் என்னவென்று கேட்டான். நான் சிங்களத்தில் விளக்கினேன். அவன் பின்கதவைத் தூக்கிப் பூட்டி, கையைச் சூடு பட்டதுபோல் உதறி, லொறியில் ஏறிப் போயே போய்விட்டான்.

செல்லையா விடவில்லை. மானப் பிரச்சினை அல்லவா. “புள்ளைககிட்ட இருந்து பன்னிக்கு எப்படிப் போச்சு? றெக்கை கட்டிப் பறந்து போச்சா? இவன் என்னமோ திருட்டுத்தனம் பண்ணியிருக்கான். சொல்லச் சொல்லு!”

சதீஸ் தலையைக் குனிந்துகொண்டான். சொல்ல மாட்டான், தெரியும். அவள் பெயரைச் சொல்வதைவிடப் பன்றிகளையே விட்டுவிடுவான் போலிருந்தது. சுமித்ராவும் வாயைத் திறக்கவில்லை.

“நான்தான்ப்பா” என்றாள் விஜயகலா.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் எதையும் விழுங்காமல் பேசினாள். வாளி, கழுவின தண்ணீர், தினமும் இரண்டு வார்த்தைப் பேச்சு, எல்லாவற்றையும் அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “சதீஸ் மேல ஒரு பிழையும் இல்ல. அவன் குட்டிகளுக்கு நோய் குடுத்தது நான்தான்.”

செல்லையா பேத்தியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, நடந்தது நடந்துபோச்சு. கல்யாணத்த முந்திப் பேசினபடியே...” என்று ஆரம்பித்தார்.

“யாரு பேசுறது?” என்றாள் வெள்ளையம்மா.

எல்லாரும் திரும்பினோம்.

“அண்ணே, எம்மகன ஊரு முன்னால நோய்க்காரன்னீங்க. ரெண்டு குட்டிய நான் இந்தக் கையால மண்ணுல போட்டேன். ஒரு வார்த்தை வந்து கேட்டீங்களா?” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்தாள். “விஜி தங்கமான பொண்ணு. அவ எங்க வீட்டுக்கு வரலாம். அந்த வாளி வரக்கூடாது. ஆனா அதுக்கு முன்ன நீங்க ஒண்ணு செய்யணும்.”

“என்ன செய்யணும், சொல்லு. மன்னிப்புக் கேக்கணுமா?”

“உங்க மன்னிப்ப வச்சு நான் என்ன கொழம்பா வைக்கப் போறேன்? எதுக்காகப் பேதிய எல்லாரும் பல்லு பல்லுன்னு சொன்னாளுக? பேதினு சொன்னா புள்ளமடுவத்துல எடுக்க மாட்டாங்க. புள்ளைய வச்சுக்கிட்டுப் பாதியில வீட்டுக்குப் போனா, நீங்க அரைப் பேரு போடுவீங்க, சம்பளம் பாதியாப் போயிரும். அதுக்குப் பயந்துதானே ஊரே பொய் சொல்லிச்சு? உங்க மூத்த மகளும் சேத்துத்தான் சொன்னா. இனிமே புள்ளைக்கு நோய்னு நிக்கிற தாய்க்கு அரைப் பேரு போட மாட்டேன்னு இங்கயே சொல்லுங்க. தோட்டத்துத் தொரைகிட்ட நான் பேசி வாங்கிக்கிறேன்னு சொல்லுங்க.”

கங்காணி பேத்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தன்னையே பார்த்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்தார்.

“போட மாட்டேன்” என்றார். “தொரைகிட்ட நானே போறேன். அம்மன் மேல சத்தியம்.”

யாரும் கை தட்டவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து, கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் மெல்ல முன்னால் வந்தாள்.

“கங்காணி... எம்புள்ளைக்கு நேத்துலருந்து பேதி. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. சம்பளம் போயிரும்னு சொல்லல.”

“எம்புள்ளைக்கும்தான்” என்றாள் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் வேறொருத்தி கையைத் தூக்கினாள். பிறகு இன்னும் இரண்டு பேர்.

செல்லையா பேத்தியை இறக்கிவிட்டு, அந்த முதல் குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். சதீஸ் ஏற்கெனவே த்ரீவீலரை எடுக்க ஓடியிருந்தான்.

சுமித்ரா என் கையில் மோட்டார் சைக்கிள் சாவியைத் திணித்தாள். “வரக்காப்பொலைக்கு ஓடு. பார்மசியில பேதிக்குக் கரைச்சுக் குடுக்கிற ஜீவனி பாக்கெட் வாங்கிட்டு வா.”

“எத்தனை மிஸ்?”

அவள் உயர்ந்திருந்த கைகளைப் பார்த்தாள். அதற்குள் இன்னும் ஒரு கை கூடியிருந்தது.

“கடையில இருக்கிற அத்தனையும்.”